சின்ன நம்பருக்குத்தான் வாய் பெருசு

வாங்க மருமவனே, வாங்க. கழுத்துல என்ன அது, காளைக்குக் கட்டுன மணி மாதிரி தொங்குது? காமிராவா! நல்ல வேளை. எனக்குத் தெரியாம எவனோ மாமனார் சங்கிலி போட்டு அனுப்பிட்டான்னு ஒரு நிமிசம் ஆடிப் போயிட்டேன்.

வாங்கி மூணு வாரந்தானே ஆச்சு? அதுக்குள்ள வேற லென்ஸ் வேணும்னு ஒத்தக்கால்ல நிக்கியாமே, உங்க ஆத்தா வந்து பொலம்பிட்டுப் போறா. ஆடத் தெரியாதவளுக்குக் கூடந்தான் கோணல். உனக்கு லென்ஸே கோணலாக்கும்!

காட்டு, என்ன எடுத்திருக்கன்னு பாப்போம். ஒரே காலையில 640 படமா? எல்லாம் ஒரே வேப்பமரம், ஒரே காக்கா. இதுல காக்கா பறந்துருச்சு, கிளை இருக்கு. இதுல காக்கா இருக்கு, தலையக் காணோம்.

நான் கோவில்பட்டியில ஒரு ஸ்டுடியோவுல எடுபிடியா இருந்தவன், தெரியும்ல? அப்ப 120 ஃபிலிம் ரோலு. ஆக்ஃபா க்ளிக் 3 காமிராவுல போட்டா 12 படம், அம்புட்டுத்தான். அந்த 12 படத்துக்குள்ள ஒரு காதுகுத்தையே முடிக்கணும். பொத்தான்ல விரல வைக்கிறதுக்கு முன்னாடி நெஞ்சு அடிச்சுக்கிடும். ஒரு நா முதலாளி இருட்டறையில ஃபிலிம் கழுவிக்கிட்டிருந்தார். டீ ஆறிப் போகுமேன்னு கதவத் தொறந்துட்டேன். 12 நெகடிவும் அட்டக்கரி. காது குத்துன புள்ளையே அன்னைக்கு அம்புட்டு அழுதிருக்காது.

காமிராங்கிறது வேற ஒண்ணுமில்ல, வயலுக்குத் தண்ணி பாய்ச்சுற கதைதான். வெளிச்சந்தான் தண்ணி. மடை எம்புட்டு அகலம்ங்கிறது அப்பர்ச்சர். எம்புட்டு நேரம் தொறந்திருக்குங்கிறது ஷட்டர். மண்ணோட தாகம் ஐ.எஸ்.ஓ. அத 100-ல இருந்து 6400-க்கு ஏத்துனா, கொஞ்சத் தண்ணியிலயே வெளஞ்சிரும். ஆனா களையும் சேந்து மொளைக்கும், படம் பூரா புள்ளி புள்ளியா.

இதுல ஒரு கூத்து என்னன்னா, மடைக்குப் போட்ட நம்பரு தலைகீழ். 1.8-ன்னா மடை ஆவுன்னு தொறந்திருக்கும். 16-ன்னா சின்னத் தொளை. சின்ன நம்பருக்குத்தான் வாய் பெருசு. நம்ம ஊரு டீக்கடையில உக்காந்து பாத்தவனுக்கு இத வெளக்கவே வேண்டாம். மடைய அகலத் தொறந்தா முன்னால நிக்கிறவன் பளிச்சுன்னு இருப்பான், பின்னால உள்ளது மங்கிப் போகும். அழகுதான். அதையே கல்யாணக் குரூப் போட்டோவுல செஞ்சு, பின்வரிசை சித்தப்பன மங்கலாக்கிட்டேன்னு வையி, வார பொங்கலுக்குள்ள பங்காளிச் சண்ட வந்துரும்.

ஷட்டர் சமாச்சாரத்துக்கு முதலாளி ஒரு கத சொல்வார். 1838-ல பாரிஸ்ல தகேர்னு ஒருத்தர் சன்னல்ல இருந்து தெருவப் படம் புடிச்சார். மடைய நிமிசக் கணக்கா தொறந்து வச்சாத்தான் அப்ப படம் விழும். வண்டியும் குதிரையுமா போற தெரு, படத்துல பாத்தா காலி! ஓடுனது ஒண்ணும் விழல. பூட்ஸுக்குப் பாலிஷ் போட ஒரு எடத்துல நின்னான் பாரு ஒருத்தன், அவன் விழுந்துட்டான். மனுசன் விழுந்த முதல் போட்டோவுல அதுவும் ஒண்ணுங்காங்க. நீயும் கொஞ்சம் நில்லுடா மருமவனே. கை நடுங்குற பயலுக்கு ஒரு நொடியில நூத்துல ஒரு பங்குக்கு மேல மடை தொறந்திருக்கக் கூடாது.

புதுசாக் காமிரா வாங்குன பயக எல்லாம் தேடிப் போறது மூணே மூணு. பொழுது சாயிற சூரியன், தண்ணி தெளிச்ச பூவு, பல்லுப் போன கிழவன். என்னைப் பாத்து உன் கண்ணு மினுங்கும்போதே நெனச்சேன்! எடுத்துக்க, ஆனா உச்சி வெயில்ல நிறுத்தாத. கண்ணு ரெண்டும் குழியாத் தெரியும், பாக்கிறவன் துக்கம் கேக்க வந்துருவான். திண்ணை நிழல்ல உக்கார வையி. வாசல்ல விழுந்த வெயிலு திரும்பி மூஞ்சியில படும் பாரு, அந்த வெளிச்சத்தக் கடையில விக்கிறதில்ல. லென்ஸு வாங்குற துட்ட ஆத்தாட்ட குடுத்து வையி.

ஒரு மாசத்துக்கு நாளொண்ணுக்கு 12 படம், அதுக்கு மேல கிடையாது. பதிமூணாவது காக்கா வந்தா கும்புட்டு அனுப்பிரு.

அப்புறம் உங்க அத்தைய ஒண்ணு எடு. கல்யாணத்துல எடுத்த ஒத்தப் படத்துல கண்ண மூடியிருக்கா, ஸ்டுடியோவுல வேல பாத்த லட்சணம் இதான்னு இன்னும் என்னத்தான் ஏசுறா. நீ எடுக்கிறதக் காமிரா கார்டுக்குள்ளயே பூட்டி வைக்காம பிரிண்டு போட்டுக் கொண்டா. சுவத்துல ஆணி அடிச்சு வச்சிருக்கேன்.