ஒரு பிரதிக்குப் பத்துப் பேர்

எங்கள் மாத இதழை எத்தனை பேர் படிக்கிறார்கள் என்று யாராவது கேட்டுவிட்டால் போதும், முதலாளிக்குப் பெருக்கல் வாய்ப்பாடு வந்துவிடும். "எட்டாயிரம் அடிக்கிறோம். ஒரு காப்பியைப் பத்துப் பேர் படிக்கிறாங்க. எண்பதாயிரம்!" என்பார். விளம்பரம் கேட்டுப் போகிற இடத்தில் அந்தப் பத்து, பன்னிரண்டாகும். காகித விலை ஏறிய மாதத்தில் பதினைந்து வரை போனதுண்டு.

யார் அந்தப் பத்துப் பேர்? சலூன் பெஞ்சில் முறை வரக் காத்திருப்பவர்; பல் டாக்டர் அறைக்கு வெளியே கன்னத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவர்; ரயிலில் "முடிச்சுட்டீங்களா?" என்று வாங்கிப் புரட்டிவிட்டு, தாம்பரத்தில் அதையும் எடுத்துக்கொண்டு இறங்கிவிடுபவர்; ஜோக்குக்காக மட்டும் ஓசி வாங்கும் எதிர்வீட்டு மாமி. இவர்களில் ஒருவரையும் நான் கண்ணால் கண்டதில்லை. ஆனால் இருபத்திரண்டு வருஷம் இவர்களை நம்பித்தான் எழுதினேன். 'இந்த இடத்தில் பல்வலிக்காரர்கூடச் சிரித்துவிடுவார்' என்று நினைத்துக்கொண்டு நானே சிரித்திருக்கிறேன்.

விற்ற பிரதிகளை எண்ணிச் சான்று கொடுக்க 1948 முதலே ஏ.பி.சி. என்றோர் அமைப்பு இருக்கிறது. முதலாளி அந்தத் திசையில் தலைவைத்துக்கூடப் படுத்ததில்லை. எண்ண எண்ணக் குறையும் என்பது அவர் கட்சி. ஏஜென்ட்டுகள் 'ரிட்டர்ன்' என்று திருப்பி அனுப்பும் கட்டுகள் மாடிப்படிக்கு அடியில் சேரும். மாதக் கடைசியில் பழைய பேப்பர்காரர் தராசோடு வருவார். ஒரு மாதம்கூட விடாமல் எங்கள் இதழை வாங்கியவர் யார் என்று சத்தியம் செய்யச் சொன்னால், நான் அவர் பெயரைத்தான் சொல்வேன்.

2020இல் ஊரடங்கு வந்தது. அச்சகத்துக்குப் பூட்டு, பஸ் இல்லை, கடை இல்லை. 1941இல் தொடங்கிய 'கல்கி'யே அந்த வருஷம் அச்சை நிறுத்திவிட்டு இணையத்துக்குப் போயிற்று. "பொன்னியின் செல்வன் போட்ட பத்திரிகையே போயாச்சு. நாம எம்மாத்திரம்?" என்றார் முதலாளி. "அமெரிக்காவுல நியூஸ்வீக் 2012லயே அச்சை மூடிட்டான், தெரியுமோ?"

எங்கள் பிழைதிருத்துபவர் மூக்குக்கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். "2014ல திரும்ப அச்சடிக்க ஆரம்பிச்சுட்டான், தெரியுமோ?"

இருவர் சொன்னதும் உண்மை. சம்பளம் கொடுப்பவர் சொன்ன பாதி ஜெயித்தது.

பழைய இதழ்களையும் இணையத்தில் ஏற்ற வேண்டும் என்று முடிவாயிற்று. அப்போதுதான் பூதம் கிளம்பியது. ஒரு காலத்தில் தமிழுக்குக் கணினியில் வீட்டுக்கு ஓர் எழுத்துரு. ஒருவர் 'அ' வைத்த இடத்தில் இன்னொருவர் 'ஞ' வைத்திருப்பார். 1999இல் சென்னையில் தமிழிணைய மாநாடு கூடி இதற்கு ஒரு வழி செய்தார்கள். ஆனால் எங்கள் எழுத்துரு எந்த மாநாட்டுக்கும் கட்டுப்படாதது. யாரோ ஒரு நண்பர் பிளாப்பியில் கொண்டுவந்து கொடுத்தது. அதை யூனிகோடுக்கு மாற்றியபோது, எழுத்துக்கு முன்னால் நிற்கிற கொம்பெல்லாம் கழன்றுகொண்டது. தொடர்கதையில் "மெல்ல நடந்து வந்த" கதாநாயகி "மல்ல நடந்து" வந்தாள். பயில்வான் நடை. கதாநாயகன் அப்படியும் மயங்கினான்.

பிழைதிருத்துபவர் ஆறு மாதம் உட்கார்ந்து கொம்பு பொறுக்கினார். "நாற்பது வருஷ சர்வீஸ்ல யாரையும் கொம்பு சீவி விட்டதில்லை. இப்ப கொம்பு மாட்டி விடறேன்" என்றார்.

புதிதாக வேலைக்குச் சேர்ந்த பையனிடம் ஒரு திரை இருந்தது. யார், எந்த ஊரில், எத்தனை வினாடி படிக்கிறார் என்றெல்லாம் அதில் தெரியுமாம். மார்கழிக் காலைக் காபி பற்றி நான் எழுதிய கட்டுரை ஏறிய அன்று, அவன் பின்னால் போய் நின்றேன். பரீட்சை ரிசல்ட் பார்க்கிற மாதிரி வயிறு கலங்கியது.

"இப்ப ரெண்டு பேர் படிச்சிட்டிருக்காங்க சார்."

"யாரு?"

"ஒண்ணு நான். டெஸ்ட் பண்றேன்."

என் சட்டைப்பையில் இருந்த போனை மெதுவாக அணைத்தேன். திரையில் இரண்டு, ஒன்றாயிற்று.

அடுத்த வாரம் சராசரி சொன்னான். ஒரு வாசகர் என்னோடு செலவழித்த நேரம் பத்தொன்பது வினாடி. வாசலில் வந்து நிற்கிற சீட்டுக் கம்பெனி ஆளிடம்கூட என் மனைவி அதைவிட அதிக நேரம் பேசுவாள். "தலைப்பை மாத்தலாம் சார்" என்றான் பையன். 'மார்கழியும் ஒரு டம்ளர் காபியும்' என்பது 'காலையில் காபி குடிப்பவரா நீங்கள்? உடனே இதைப் படியுங்கள்!' ஆயிற்று. கூட்டம் வந்தது. வியாதி பற்றி ஏதோ வரப்போகிறது என்று வந்த கூட்டம். டிகிரி காபியைப் பார்த்ததும் ஏமாந்து போய்விட்டது. சராசரி பதினொரு வினாடிக்கு இறங்கியது.

போன ஞாயிற்றுக்கிழமை சலூனுக்குப் போனேன். பெஞ்சில் நாலு பேர், நாலு போன், நாலு குனிந்த தலை. கடைக்காரர், "உங்க புக்கு இப்ப வர்றதில்லையே சார்?" என்றார். போனிலேயே வருகிறது என்றேன். "அப்படியா?" என்றவர் கத்தரியை நிறுத்தவில்லை. "அப்ப ஆளுங்க அதைப் படிச்சிட்டே சிரிப்பாங்க. தலை ஆடும். வெட்டறதுக்குள்ள போதும் போதும்னு ஆயிடும்."

ஆக, பத்துப் பேர் இருந்திருக்கிறார்கள்! இருபத்திரண்டு வருஷம் கழித்து, எண்ணுகிற மிஷின் இல்லாத ஓர் இடத்தில் எனக்குச் சாட்சி கிடைத்தது. ஓடிப்போய் முதலாளியிடம் சொல்ல வேண்டும் என்று மறுநாள் சீக்கிரமே ஆபீசுக்குப் போனேன்.

அவர் விளம்பரக்காரர் ஒருவரிடம் போனில் பேசிக்கொண்டிருந்தார். எதிரே பையன் எழுதிக்கொடுத்த துண்டுச்சீட்டு. அதில் 812 என்று இருந்தது.

"ஆமா சார், எண்ணூத்திப் பன்னெண்டு போன். ஆனா ஒரு போனை வீட்ல நாலு பேராவது பார்க்கிறாங்க, பாருங்க..."

போனை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். சற்றே கவலையாகக் கேட்டார்:

"நாலுன்னு சொன்னது கம்மியோ?"