மைனஸ் ஒன்று சித்தப்பா

இந்தியாவின் நான்கு கடன் தகவல் நிறுவனத்தாருக்கும் (எங்கள் ஊர் வழக்கில் நால்வருக்கும் ஒரே பெயர், சிபில்),

தீபாவளி நெருங்கிவிட்டது. தி. நகரில் கால் வைக்க இடமில்லை. நகையைப் பத்திரமாகப் பார்த்துக்கொள்ளச் சொல்லிப் போலீஸார் ஒலிபெருக்கியில் கத்துகிறார்கள். கடன் மதிப்பெண்ணைப் பத்திரமாகப் பார்த்துக்கொள்ளச் சொல்லத்தான் ஆளில்லை.

எங்கள் குடும்பத்தில் இரண்டு பேர் கதையைக் கேளுங்கள். சித்தப்பா வாழ்நாளில் பத்துப் பைசா கடன் வாங்கியதில்லை. மாதாமாதம் தீபாவளிச் சீட்டு கட்டுவார். ஐப்பசியில் பட்டாசுப் பெட்டி, இனிப்பு, எவர்சில்வர் அண்டா எல்லாம் வீடு வந்து சேரும். அவருக்கு நீங்கள் போட்டிருப்பது மைனஸ் ஒன்று. கடன் வரலாறே இல்லையாம். அவருடைய மாப்பிள்ளைக்கோ மூன்று கார்டு, பைக் டியூ, போன் டியூ, போன தீபாவளிக்கு வாங்கிய டிவிக்கு இன்னும் டியூ. அவர் 780! உங்கள் படிக்கட்டு 300இல் தொடங்கி 900இல் முடிகிறது. சித்தப்பா வாசலுக்கு வெளியே செருப்போடு நிற்கிறார்.

விளையாட்டில்லை. மகாராஷ்டிரத்தின் முர்திஜாபூரில் ஒரு மணமகனின் சிபில் மதிப்பெண் சரியில்லை என்று பெண் வீட்டார் கல்யாணத்தையே நிறுத்தியதாக 2025இல் செய்தி வந்தது. பத்துப் பொருத்தத்தோடு பதினொன்றாவதும் சேர்ந்தாயிற்று. சித்தப்பா நல்லவேளையாக முன்பே கட்டிக்கொண்டார்.

தி. நகர் கடைக்குள் நடப்பதையும் கேளுங்கள். ஃப்ரிட்ஜ் வரிசைக்குப் பக்கத்தில் குட்டி மேசைகள் போட்டு ஃபைனான்ஸ் தம்பிகள் உட்கார்ந்திருக்கிறார்கள். "சார், பான் நம்பர் மட்டும் சொல்லுங்க, ஒரு ஓடிபி வரும்." முதல் மேசையில் ஆகவில்லையென்றால் அடுத்த மேசை, அதற்கும் அடுத்தது. ஒவ்வொரு மேசையும் உங்கள் ஏட்டில் ஒரு விசாரணையாக ஏறுகிறது. நாலு ஏறியதும் 'இந்த ஆள் கடனுக்கு அலைகிறான்' என்று மதிப்பெண்ணைக் குறைக்கிறீர்கள். ஐயா, அவர் அலைந்தது ஃப்ரிட்ஜுக்கு.

கார்டிலேயே தேய்த்துவிடலாமென்றால், ஒரு லட்சம் வரம்புள்ள கார்டில் முப்பதாயிரத்துக்குள் நிறுத்திக்கொள்வதுதான் மரியாதை என்கிறார்கள் விவரம் தெரிந்தவர்கள். எழுபதாயிரத்தைத் தொடக் கூடாதென்றால் அதை எதற்குக் கொடுத்தார்கள் என்று மாப்பிள்ளை கேட்கிறார். நியாயமான கேள்வி. ஸ்டேட்மென்ட் தேதிக்கு முன்பே பாதியைக் கட்டி, உங்கள் கண்ணில் படும் பாக்கியைக் குறைத்துவிடுகிறார் அவர். குறைந்தபட்சத் தொகையை மட்டும் கட்டினால் மதிப்பெண் பிழைக்கும், பர்ஸ் செத்துவிடும். பாக்கிக்கு மாதம் 3 சதவீதத்துக்கு மேல் வட்டி போடும் கார்டுகள் இருக்கின்றன. வட்டியே இல்லாத தவணை என்று வாசலில் தோரணம் கட்டியிருக்கிறார்களே என்கிறீர்களா? பூஜ்ஜிய வட்டி என்று ஒன்று கிடையாது என்று ரிசர்வ் வங்கி 2013இலேயே சொல்லிவிட்டது. ரொக்கம் கொடுத்தால் என்ன தள்ளுபடி என்று கேட்டுப் பாருங்கள், வட்டி எங்கே ஒளிந்திருக்கிறது என்று தெரிந்துவிடும்.

உங்களைக் குறை மட்டும் சொல்லவில்லை. வருஷத்துக்கு ஒருமுறை முழு அறிக்கையை இலவசமாகத் தருகிறீர்கள். அதில் கட்டி முடித்த கடன் உயிரோடு இருந்து, புகார் கொடுத்தும் 30 நாளில் தீராவிட்டால், நாளுக்கு 100 ரூபாய் இழப்பீடு உண்டு. தீபாவளிக்கு முன் அந்த அறிக்கையை ஒருதரம் பார்ப்பது, புதுத்துணி அளவு சரியா என்று பார்ப்பதைவிட அவசரம்.

தீபாவளிச் சீட்டு கட்டுகிறவருக்கும் பத்து மதிப்பெண் போடுங்கள் என்று கேட்கலாமென்றிருந்தேன். சீட்டுப் பிடித்தவர் ஊரைவிட்டு ஓடிய செய்தி வருஷாவருஷம் வருகிறதே என்பீர்கள். சரிதான். ஆனால் ஓடியவர் அவர். மதிப்பெண் இல்லாமல் நிற்பவர் சித்தப்பா.

அவர் இப்போது மனம் மாறிவிட்டார். வாஷிங் மெஷினுக்கு முழுப் பணமும் கையில் வைத்திருக்கிறார். அதை வைப்புத்தொகையாகப் போட்டால் அதன் பிணையில் கார்டு தருவதாக வங்கியில் சொன்னார்களாம். தன் பணத்தின் பேரிலேயே கடன் வாங்கி, டியூ தேதி பிசகாமல் கட்டி வந்தால் அவரும் நம்பத்தக்கவர் ஆகிவிடுவார். விண்ணப்பத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டார். ரொக்கத்துக்குக் கிடைக்கவிருந்த தள்ளுபடி போயிற்றே என்று சித்திதான் முணுமுணுக்கிறாள். அவளுக்கும் மைனஸ் ஒன்றுதான், கண்டுகொள்ளாதீர்கள்.

இப்படிக்கு,
742
(போன வாரம் 751)