அட்மின் மட்டுமே பேசலாம்

நம் ஊரில் அறிவியல் கல்வி எங்கேயோ போய்விட்டது. எங்கே என்று கேட்டால், தலைமை ஆசிரியரின் வாட்ஸப் ஸ்டேட்டஸுக்கு. நேற்றுப் போன படம் 'நுண்ணோக்கியில் வெங்காயத் தோல்'. வெள்ளைக் கோட்டு போட்ட மாணவிகள் நுண்ணோக்கியைச் சுற்றி நிற்கிறார்கள். குனிந்திருப்பவளின் கண் லென்ஸில் இல்லை, கேமராவில் இருக்கிறது. கண்ணாடித் தகட்டில் வெங்காயமும் இல்லை, அது சத்துணவுக் கூடத்தோடு நின்றுவிட்டது. அன்று வகுப்பில் தெரிந்த ஒரே செல், சார் கையில் இருந்ததுதான். ஆனாலும் படம் ஒன்றியக் குழுவுக்கு ஏறி, மாவட்டக் குழுவுக்கு ஏறி, கைதட்டும் பொம்மைகளை வாரிக்கொண்டு வந்தது. கோட்டு திரும்ப பீரோவுக்குள் போனது. கூடவே நுண்ணோக்கியும்.

வேதியியல் இன்னும் சுத்தம். பியூரெட் உடையாது, அமிலம் கையில் படாது, பன்சன் பர்னருக்கு கேஸ் வேண்டாம். எல்லாம் யூடியூபில் இருக்கிறது. வீடியோவில் பெர்மாங்கனேட் ஒரு சொட்டுகூட அதிகம் விழாது. சரியான நொடியில் வெளிர் இளஞ்சிவப்பு தெரியும், பின்னணி இசை எழும், 'லைக் பண்ணுங்க' என்று ஒரு குரல் கேட்கும். ஒரு சொட்டு கூடிப்போய், குடுவை முழுக்கச் சிவந்து, 'போச்சுடா' என்று கழுவி ஊற்றி மறுபடி தொடங்குகிற பிள்ளைக்குத்தான் வேதியியல் என்றால் என்னவென்று புரியும். அந்தத் தவறைச் செய்யும் உரிமையைப் பிடுங்கிவிட்டு, அதற்கு 'டிஜிட்டல் கற்றல்' என்று பெயர் வைத்திருக்கிறோம். பத்தாம் வகுப்பு அறிவியலில் செய்முறைக்கென்றே 25 மதிப்பெண். லிட்மஸ் தாளைத் தொட்டுப் பார்க்காத விரலுக்கும் அது தாராளமாக விழுகிறது.

படங்கள் மேலே போகும் கதை இது. கீழே வருவதைப் பார்ப்போம். மாணவர்களுக்கும் ஒரு குழு உண்டு, பெயர் '10 பி அறிவியல்'. காலையில் பூங்கொத்து, மாலையில் வினாவங்கி பிடிஎஃப், இரவில் 'அனைவரும் பார்க்கவும்' என்று ஒரு இணைப்பு. நிலா பகலிலும் தெரிகிறதே, அது ஏன் என்று ஒரு பையன் கேட்க நினைத்தால் அவனால் முடியாது. அட்மின் மட்டுமே செய்தி அனுப்பலாம் என்று குழு பூட்டப்பட்டிருக்கிறது. திறந்துவிட்டால் பிள்ளைகள் ஸ்டிக்கராக அனுப்பித் தள்ளுவார்களாம். கேள்வியும் கேட்டுவிடுவார்களே, அந்த பயத்தை மட்டும் யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை.

அதே போனில்தான் வருஷா வருஷம் 'தீபாவளி இரவில் இந்தியா, நாசா எடுத்த படம்' வருகிறது. பெரியவர்கள் பெருமையோடு அனுப்புகிறார்கள், அறிவியல் ஆசிரியர்கள் சிலரும்கூட. அமெரிக்கச் செயற்கைக்கோள்கள் பல ஆண்டுகள் பதிவு செய்த இரவு வெளிச்சத்தை ஒன்றாக்கி, 2003 வாக்கில் ஒரு விஞ்ஞானி செய்த வரைபடம் அது. 1992க்கு முன் இருந்த விளக்குகள் வெள்ளை, பிறகு வந்தவை நீலம், பச்சை, சிவப்பு. நம் ஊர்கள் வளர்ந்த வரலாறே அந்த நிறங்களில் கிடக்கிறது, ஒரு பட்டாசும் இல்லை. ஒரு வாரப் பாடத்துக்குத் தீனி. 'ஒரே இரவுக்கு எதற்கு நாலு நிறம்?' என்று ஒரு பிள்ளை கேட்டிருந்தால் போதும். கேட்க விட்டால்தானே?

வாட்ஸப்பை நிந்திப்பதில் பயனில்லை, அது வெறும் குழாய். போன் இல்லாத காலத்திலேயே பிள்ளைகளைக் கேள்வி கேட்க விட்டுக் காட்டியவர்கள் உண்டு. மத்தியப் பிரதேசத்தின் ஹோஷங்காபாத் மாவட்டத்தில் 1972இல் தொடங்கிய அறிவியல் திட்டம், கிராமத்துப் பிள்ளைகளின் கையில் சோதனைப் பெட்டியைக் கொடுத்தது. புத்தகத்தைத் திறந்து வைத்துப் பரீட்சை எழுத விட்டது. 'சவாலிராம்' என்ற கற்பனை ஆளுக்குப் பிள்ளைகள் கடிதத்தில் கேள்வி எழுதினார்கள், பதிலும் வந்தது. அங்கே வேலை செய்த அரவிந்த் குப்தா, தீக்குச்சியையும் சைக்கிள் வால்வு ட்யூபையும் வைத்து வடிவியல் கற்பித்தார். அவருடைய வீடியோக்கள் யூடியூபில் இலவசமாகக் கிடக்கின்றன. பார்த்து முடித்தால் கை பரபரக்கும். அந்தத் திட்டத்தை அரசு 2002இல் இழுத்து மூடியது. கேள்வி கேட்கும் பிள்ளைகளால் எந்த அரசுக்கு லாபம்?

கேள்வி கேட்காத பள்ளிக்குள் யார் நுழைவார்கள் என்பதை 2024இல் சென்னை அசோக் நகர் அரசுப் பள்ளியில் கண்டோம். ஒரு யூடியூப் பேச்சாளர் மேடையேறி, உடற்குறையோடு பிறப்பது முற்பிறவிப் பாவம் என்று மாணவிகள் முன்னால் போதித்தார். எழுந்து தடுத்தவர் பார்வைத்திறனற்ற தமிழாசிரியர் ஒருவர். அவரோடு மேடையிலிருந்தே மல்லுக்கு நின்றார் பேச்சாளர். வீடியோ பரவி ஊர் கொதித்த பிறகுதான் பேச்சாளர் கைதும் தலைமை ஆசிரியர் இடமாற்றமும். அரங்கத்தில் கண் படைத்தவர்கள் அத்தனை பேர் இருந்தார்கள். சந்தாதாரர் எண்ணிக்கையைத் தகுதிச் சான்றிதழாக மதிக்கும் இடத்தில் பரிணாமமும் மரபியலும் பரீட்சைக்கு மட்டும்தான்.

அறிவியல் மனப்பான்மையை வளர்ப்பது ஒவ்வொரு குடிமகனின் கடமை என்று அரசமைப்புச் சட்டத்தில் 1976இலேயே எழுதிச் சேர்த்துவிட்டோம். அதையும் யாராவது ஃபார்வர்டு செய்தால் நல்லது.

கல்வி அதிகாரிகளே, படம் கேட்பதை நிறுத்துங்கள். இந்த வாரம் பிள்ளைகள் என்ன கேட்டார்கள், எதைத் தவறாகச் செய்து பார்த்தார்கள் என்று கேளுங்கள். ஆசிரியர்களே, ஆய்வக பீரோவின் பூட்டையும் குழுவின் பூட்டையும் ஒரே நாளில் திறங்கள். முடியாது, மேலிடத்து உத்தரவு என்றால் ஒரு நேர்மையாவது மிஞ்சட்டும். அந்தக் குழுவின் பெயரிலிருந்து 'அறிவியல்' என்பதை எடுத்துவிடுங்கள்.