அச்சத்தின் பின் 'டு' வருமா, 'இங்' வருமா? நந்திதுர்க் வழக்கை முன்வைத்து ஓர் ஆய்வு

ஆங்கிலப் பெயரடைகளில் சில ஏகபத்தினி விரதம் பூண்டவை. 'ரெடி' என்றால் அடுத்து 'டு' போட்டுத்தான் வினையைக் கூட்டிவர வேண்டும். 'பிஸி'யும் 'வொர்த்'தும் வாலில் 'இங்' ஒட்டிய வினையைத் தவிர வேறொன்றையும் வாசலேற விடா. இவற்றில் ஆய்வாளனுக்கு வேலை இல்லை. ('ஐயாம் பிஸி டு ஒர்க்' என்று கடிதம் எழுதுவோர் தனி ஆய்வுக்குரியவர்கள், அவர்களில் என் சொந்தக்காரர்களும் உண்டு என்பதால் இங்கே தொடவில்லை.) நம் கவலையெல்லாம் இரண்டு வீட்டிலும் கை நனைக்கும் பெயரடைகளைப் பற்றியது: அஃப்ரெய்டு, ஷ்யூர், ஸாரி, நைஸ். இன்றைக்கு 'டு', நாளைக்கு 'இங்'. கேட்டால் பொருள் வேறு என்கின்றன.

முன்னோர் இத்துறையில் சும்மா இருக்கவில்லை. 1930களில் வெளிவந்து இந்தியப் பள்ளிப் பிள்ளைகளின் புத்தகப் பைகளைக் கனக்கச் செய்த இலக்கணம் ரென் அண்ட் மார்ட்டின். அந்த ரென், பிரெஞ்சு அயல்நாட்டவர் படையைப் பற்றி 'பியூ கெஸ்ட்' என்ற நாவலை 1924இல் எழுதிய அதே பி.சி. ரென்தான். அந்தப் படையிலும் சரி, இலக்கணத்திலும் சரி, தப்பி ஓடப் பார்த்தவனுக்கு மன்னிப்புக் கிடையாது. பிறகு 1954இல் ஹார்ன்பி, எந்தச் சொல்லுக்குப் பின் என்ன வரும் என்பதை வாய்பாடுகளாக வகுத்து ஒரு நூலே செய்தார். 1985இல் ரேமண்ட் மர்ஃபி, 'அஃப்ரெய்டு டு', 'அஃப்ரெய்டு ஆஃப்' இரண்டையும் எதிரெதிரே நிறுத்தி ஒரு பாடம் வைத்தார். மூவரும் பெரியவர்கள். ஆனால் மூவரும் மேற்பரப்பு இலக்கணிகள். பயத்தின் இலக்கணத்தை மேலே உட்கார்ந்துகொண்டு எழுத முடியாது என்பதே இக்கட்டுரையின் கருதுகோள்.

ஆகவே களம் நந்திதுர்க். கோலார் தங்கவயலில் மைசூர், சாம்பியன் ரீஃப், ஊர்காம், பாலகாட் சுரங்கங்களோடு சேர்த்து எண்ணப்படுவது. பெயர் இதற்குச் சொந்தமில்லை, சிக்கபள்ளாப்பூர்ப் பக்கத்து மலைக்கோட்டையினுடையது. வெள்ளைக்காரர் வாயில் அது 'நண்டிட்ரூக்' ஆயிற்று. மேலே ஏறிப் போக வேண்டிய மலையின் பெயரைக் கீழே இறங்கிப் போக வேண்டிய குழிக்கு வைத்தார்கள். ஜான் டெய்லர் கம்பெனி 1880இல் தங்கவயலில் கால் வைத்தது. 1902இல் சிவசமுத்திரத்திலிருந்து மின்சாரம் வந்தது. ஆங்கிலம் இரண்டுக்கும் நடுவில், சம்பளப் பட்டுவாடாவோடு வந்து சேர்ந்தது. வட ஆற்காட்டிலிருந்தும் சித்தூரிலிருந்தும் பிழைக்க வந்தவர்களின் தமிழ், ஆங்கிலோ இந்திய ஷிஃப்ட் பாஸின் ஆங்கிலம், கடைத்தெருக் கன்னடம், தெலுங்கு எல்லாம் ஆளைக் குழிக்குள் இறக்கும் ஒரே கேஜில் நெருக்கியடித்து இறங்கின.

எழுத்து வாசனை அறியாத ஊர் என்று எண்ணிவிட வேண்டாம். அயோத்திதாசரின் பௌத்த சங்கம் மாரிக்குப்பத்தில் கிளை பரப்பியது. சாம்பியன் ரீஃப்ஸில் இருந்த சித்தார்த்த புத்தகசாலை அவர் நூல்களை அச்சிட்டது. 'தமிழன்' இதழ் 1920களில் ஜி. அப்பாதுரையாரை ஆசிரியராகக் கொண்டு இங்கிருந்துதான் மறுபிறவி எடுத்தது. தொழிலாளர் லைன் வீட்டில் இலக்கணம் பேசுவது தங்கவயலுக்குப் புதிதல்ல. ஆய்வுக் கருவி: காது, இரண்டு. மாதிரியின் அளவு: டீக்கடை பெஞ்சு கொண்ட மட்டும்.

முதலில் அஃப்ரெய்டு. இதில் நான் நெடுநேரம் நிற்கப்போகிறேன். அவசரக்காரர்கள் 'ஷ்யூர்' பகுதிக்குப் போய்விடலாம்.

அச்சம் பிறக்கும் இடங்கள் என்று தொல்காப்பியர் நான்கைச் சொல்கிறார்: தெய்வம், கொடிய விலங்கு, திருடர், அரசர். 'ஏர் பிளாஸ்ட்' விட்டுப்போயிற்று. பாறை தன் பாரம் தாங்காமல் நிலத்தடியில் வெடித்துச் சிதறுவதற்குத் தங்கவயலில் அதுதான் பெயர். ஆள் கீழே இருக்கும்போது வெடித்தால் ஆள் போனான். மேலே லைன் வீட்டில் அலமாரிப் பாத்திரங்கள் தாமாகப் பேசும். பக்கத்துச் சாம்பியன் ரீஃபில் 3 கிலோமீட்டருக்கும் கீழே ஆட்கள் வேலை செய்தார்கள். அவ்வளவு ஆழத்தில் பாறை தொட்டால் சுடும். இப்படியொரு ஊரில் பயத்தை ஒரே வாய்பாட்டில் சொல்லிவிட முடியுமா?

பாறைக்கு மரமுட்டுக் கொடுக்கும் டிம்பர் வேலை பார்த்து ஓய்வுபெற்ற தாத்தா ஒருவரிடம் கேட்டேன். ஆங்கிலத்தில் கேட்கவில்லை. பயம் எத்தனை வகை என்று மட்டும் கேட்டேன். டீயை ஆற்றிக்கொண்டே சொன்னார்:

"தம்பி, 'எறங்க பயம்'னு ஒருத்தன் சொன்னான்னா அன்னிக்கு அவன் எறங்கல, அவன் கூலி போச்சு. 'அறுந்துடுமோன்னு பயம்'னு சொன்னான்னா, அவன் கேஜுக்குள்ளதான் நின்னுக்கினு கீறான்."

மர்ஃபி ஒரு பாடம் முழுக்கச் சொன்னது இதுதான். 'அஃப்ரெய்டு டு கோ டவுன்' என்பவன் போக மனமில்லாதவன்; முடிவு அவன் கையில். 'அஃப்ரெய்டு ஆஃப் ஃபாலிங்' என்பவன் தன் கையில் இல்லாத ஒன்று நேர்ந்துவிடுமோ என்று நடுங்குபவன். விழ வேண்டும் என்று யாரும் முடிவெடுப்பதில்லை. ஆகவே 'அஃப்ரெய்டு டு ஃபால்' அங்கே நிற்காது. தமிழில் இந்த வேலையை ஓர் எழுத்து பார்க்கிறது. 'இறங்க' என்ற வெறும் எச்சம் வந்தால் ஆங்கிலத்தில் 'டு'. 'அறுந்துவிடுமோ' என்று ஐயத்தின் ஓகாரம் வந்தால் அங்கே 'ஆஃப்', வினையின் வாலில் 'இங்'. ஓகாரத்தைக் கண்டால் இங்கைப் போடு என்று எங்கள் பள்ளியில் யாராவது சொல்லியிருந்தால் எனக்கு எத்தனையோ மதிப்பெண் மிஞ்சியிருக்கும். இருக்கட்டும். பின்வரும் நூற்பாவை நானே யாத்து வைத்திருக்கிறேன். உரை எழுத விரும்புவோர் எழுதலாம்:

அச்சக் கிளவிமுன் டுவ்வரின் மறுத்தல்;
ஆஃபொடு இங்வரின் இறங்கலும் உளதே.

ஒரு புறனடை உண்டு, மறைக்க முடியாது. 'அஃப்ரெய்டு ஆஃப் கோயிங் டவுன்' என்றும் ஆங்கிலேயர் சொல்கிறார்கள். அப்போது அது 'டு'வுக்கு நிகராகிவிடுகிறது. தாத்தாவிடம் இதைச் சொன்னதும், "அவன் மேலயும் இல்ல கீழயும் இல்ல, பேங்க்ஸ்மேன்கிட்ட நின்னு பேசினு கீறான்" என்றார். (பேங்க்ஸ்மேன், குழி வாயில் நின்று கேஜுக்குச் சைகை கொடுப்பவர்.) இதைவிட நல்ல விளக்கம் எனக்குக் கிடைக்கவில்லை.

ஸாரியும் நைஸும் காலத்தை ஒட்டியவை, விரைந்து கடக்கலாம். 'ஸாரி டு டிஸ்டர்ப் யூ' என்பவர் இனிமேல்தான் தொந்தரவு செய்யப்போகிறார், அல்லது செய்துகொண்டிருக்கிறார்; 'ஸாரி ஃபார் டிஸ்டர்பிங் யூ' என்பவர் செய்து முடித்துவிட்டார். கடன் கேட்க வந்தவரா, வாங்கிக்கொண்டு கிளம்புகிறவரா என்று வாசலிலேயே கண்டுபிடித்துவிடலாம். 'நைஸ் டு மீட் யூ' உள்ளே வரும்போது, 'நைஸ் மீட்டிங் யூ' வெளியே போகும்போது. இந்த வேறுபாட்டை நான் கற்றது பெங்களூரில் ஒரு நேர்முகத் தேர்வில். கதவைத் திறந்து உள்ளே போனதும் 'நைஸ் மீட்டிங் யூ, சார்' என்றேன். அவர் எழுந்து கை கொடுத்தார், நானும் கொடுத்தேன், அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிட்டார்கள். அன்று மாலை வீட்டுக்குப் போகும் ரயிலில் எனக்கு உட்கார இடம் கிடைத்தது என்பதையும் நேர்மையான ஆய்வாளனாகப் பதிவு செய்கிறேன்.

ஷ்யூர்தான் இவற்றில் மோசக்காரன். 'அஃப்ரெய்டு'வில் பயம் யாருடையது என்ற குழப்பமில்லை, எழுவாயினுடையது. 'ஹி இஸ் ஷ்யூர் ஆஃப் வின்னிங்' என்றால் நம்பிக்கை அவனுடையது, ஜெயிப்போம் என்று அவன் நினைக்கிறான். 'ஹி இஸ் ஷ்யூர் டு வின்' என்றால் நம்பிக்கை அவனுடையதே அல்ல, பேசுகிறவருடையது. அவன் பாட்டுக்கு மூலையில் அழுதுகொண்டுகூட இருக்கலாம். தமிழில் இதற்குப் பெயரடையே கிடையாது. 'கட்டாயம் ஜெயிப்பான்' என்று வினைக்கு முன்னால் ஒரு சொல்லைப் போட்டு, நம்பிக்கையைப் பேசுகிறவர் தலையிலேயே கட்டிவிடுகிறோம். ஆங்கிலம் அப்படிச் செய்யாது. நம்பிக்கையை எழுவாய்க்குப் பக்கத்தில் உட்கார வைத்து, அதன் சொந்தக்காரர் யார் என்பதை ஒளித்துவிடும்.

தங்கவயலில் இந்த ஒளிப்புக்கு நல்ல விளைச்சல். 2001 பிப்ரவரி 28ஆம் தேதி சுரங்கங்கள் மூடப்பட்டன. அதற்குப் பிறகு ஊரில் அதிகம் புழங்கிய ஆங்கில வாக்கியம் எது என்று கேட்டால் சற்றும் தயங்காமல் சொல்வேன்: 'தி மைன் இஸ் ஷ்யூர் டு ரீஓப்பன்.' தேர்தல் வந்தால் மேடையில் கேட்கும். 2024இல், தங்கம் பிரித்தபின் கொட்டிய சயனைடு மண்மேடுகளைத் திரும்பத் தோண்டக் கர்நாடக அமைச்சரவை ஒப்புதல் தந்ததும் டீக்கடையில் கேட்டது. இதில் 'ஆஃப்' போட்டுப் பாருங்கள்: 'தி மைன் இஸ் ஷ்யூர் ஆஃப் ரீஓப்பனிங்.' உடனே உடைந்துவிடுகிறது. தண்ணீர் நிரம்பிய குழிக்குத் தன்னைப் பற்றி நம்பிக்கை இருக்க முடியாது. அப்படியானால் உறுதி யாருடையது? பேசியவருடையது. பேசியவர் எங்கே? ஓட்டு எண்ணிக்கை முடிந்து ஊருக்குப் போய்விட்டார். இலக்கணம் முன்கூட்டியே எச்சரித்திருக்கிறது, நாம்தான் கவனிக்கவில்லை.

'யூஸ்டு'வை இந்தப் பட்டியலில் சேர்க்கலாமா என்பதில் என் மனமே ஒருமித்ததில்லை. அது ஓர் இடத்தில் பெயரடை, இன்னோர் இடத்தில் வினை. 'ஐயாம் யூஸ்டு டு கோயிங்' என்றால் போய்ப் பழகியவன். பழக்கம் இன்னும் உடம்பில் இருக்கிறது. 'ஐ யூஸ்டு டு கோ' என்றால் ஒரு காலத்தில் போனவன், இப்போது போகாதவன். இரண்டிலும் நடுவே நிற்பது அதே 'யூஸ்டு டு'. கேட்கும் காதுக்கு ஒரு 'ஆம்'மும் ஓர் 'இங்'கும்தான் வேறுபாடு.

நந்திதுர்க் பெஞ்சில் தாத்தாவின் பேத்தி வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தாள். 'யூஸ்டு டு'வை வைத்து ஒரு வாக்கியம். 'மை கிராண்ட்ஃபாதர் இஸ் யூஸ்டு டு கோயிங் அண்டர்கிரவுண்டு' என்று எழுதி என்னிடம் காட்டினாள். பிழை இல்லை என்றேன். தாத்தா அவளைப் படித்துக் காட்டச் சொல்லிக் கேட்டுவிட்டு, "இஸ்ஸ அடிச்சுடு பாப்பா" என்றார். அடித்தாள். இங்கும் போக வேண்டும் என்று நான் சொல்வதற்குள் அவளே அதையும் அடித்துவிட்டாள்.

ஆய்வின் இரண்டாம் பகுதி 'இன்ட்ரஸ்டட்' பற்றியது. 'டு நோ'வா, 'இன் நோயிங்'கா என்பதற்கு மாதிரிகள் போதவில்லை. காலையில் மாரிக்குப்பத்திலிருந்து பெங்களூருக்கு ரயிலேறும் தங்கவயல்காரர்கள் காதில் விழுவதைக் குறித்து அனுப்பினால் நன்றியுடையவனாவேன். உட்கார இடம் கிடைத்தவர்கள் மட்டும் எழுதினால் போதும்.