நீலியை அடக்கிய பேனா

1741-இல் குளச்சலில் டச்சுப்படை தோற்றது. அந்தப் படையிலிருந்து பிடிபட்ட டிலனாய், வென்ற மன்னர் மார்த்தாண்ட வர்மருக்கே படைத்தலைவர் ஆனார். உதயகிரிக் கோட்டையில் உள்ள அவர் கல்லறையில் லத்தீனோடு தமிழும் இருக்கிறது. இந்தக் கதைக்குள் கள்ளியங்காட்டு நீலி என்ற யட்சியையும் இறக்கிவிட்டால்? அப்படி ஒரு நாவல் என்றதும் விலைகூடப் பார்க்காமல் வாங்கிவிட்டேன்.

முதல் அறுபது பக்கமும் இளவரசியின் புருவம். பிறகு நீலி வந்தாள். யட்சிக் கதைகளில் வருவதுபோல் வெற்றிலைக்குச் சுண்ணாம்பு கேட்பாள் என்று பார்த்தால், அன்பின் மேன்மை பற்றி மூன்று பக்கம் உபதேசம் செய்தாள். போர் ஒன்றரைப் பக்கம். அதிலும் பாதி சூரிய அஸ்தமனம். அவியலுக்குக் காயெல்லாம் அரிந்துவைத்துவிட்டு, தேங்காய் அரைக்க மறந்த கதை.

அந்தக் காலத்தில் யட்சியை அடக்க மந்திரவாதி ஆணி அடிப்பாராம். நம் எழுத்தாளருக்குப் பேனாவே போதுமாக இருந்திருக்கிறது.