மாமா முன்னாடி பேசாதே

1994இல் திருவல்லிக்கேணி மேன்ஷன் ஒன்றில் நானும் அவனும் ஒரே அறையில் தங்கியிருந்தோம். இரண்டு கட்டில் போட இடமில்லை, ஒரே பாய்தான். தோளில் கைபோட்டபடியே மெஸ்ஸுக்குப் போவோம். "சிநேகிதம்னா இப்படி இருக்கணும்" என்று மெஸ் அண்ணாச்சி மற்றவர்களிடம் எங்களைக் காட்டிச் சொல்வார். யாரும் எங்களைச் சந்தேகப்படவில்லை. அப்படி ஒன்று உண்டு என்றே அவர்கள் நினைத்ததில்லை.

ஓர் இரவு மெரினாவில் படகு மறைவில் உட்கார்ந்திருந்தோம். ஒரு காவலர் முகத்தில் டார்ச் அடித்தார். "ஸ்டேஷனுக்கு வர்றீங்களா, வீட்டுக்குத் தகவல் சொல்லவா?" என்றார். ஸ்டேஷன் என்றபோது அவன் அசையவில்லை. வீடு என்றதும் கைக்கடிகாரத்தைக் கழற்றி நீட்டிவிட்டான். பத்தாவது பாஸானதற்கு அவன் அப்பா வாங்கித் தந்த எச்.எம்.டி. அது. ஒரே பாலினத்தவர் உறவைக் குற்றமாக்கி 1860இல் வெள்ளைக்காரன் கொண்டுவந்த தண்டனைச் சட்டத்தின் 377ஆவது பிரிவில் சிறைக்குப் போனவர்கள் குறைவு. மிரட்டத்தான் அது அதிகம் பயன்பட்டது. அந்த மிரட்டல் பலித்ததும் வீட்டின் மீதிருந்த பயத்தால்தான்.

டெல்லி உயர் நீதிமன்றம் 2009இல் அந்தப் பிரிவைத் தளர்த்தியது. உச்ச நீதிமன்றம் 2013இல் அதைத் திரும்பக் கொண்டுவந்தது. கடைசியில் 2018 செப்டம்பர் 6 அன்று, வயதுவந்தவர்கள் மனமொத்து உறவுகொள்வது குற்றமில்லை என்று ஐந்து நீதிபதிகளும் ஒருமனதாகச் சொன்னார்கள். உடனே அவனுக்குப் போன் செய்தேன். அதற்குள் அவன் தேனியில் கல்யாணமாகி, பிள்ளைகள் பெற்று, கடை வைத்திருந்தான். "அப்புறம் பேசுறேன், பக்கத்துல மச்சான் இருக்கார்" என்று வைத்துவிட்டான். அந்த 'அப்புறம்' இன்னும் வரவில்லை. அவன் மீது எனக்குக் கோபமில்லை. அவனை அப்படி வாழவைத்தவர்கள் மீதுதான் தீராத கோபம்.

இன்று எல்லோருக்கும் விஷயம் தெரியும். தெரிந்ததால், தோளில் கைபோட்டு நடக்கும் இரண்டு பையன்களைத் தெருவே திரும்பிப் பார்க்கிறது. வீட்டுக்காரர் வாடகை பேசுமுன் "உங்களுக்குள்ள என்ன உறவு?" என்கிறார். சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் 2021இல், இப்படிப்பட்ட உறவைப் புரிந்துகொள்ள உளவியல் நிபுணரிடம் தானே போய் உட்கார்ந்ததைத் தீர்ப்பிலேயே எழுதினார். ஒரு நீதிபதிக்கு இருந்த அந்தப் பணிவு நம் அப்பா அம்மாக்களுக்கு வரக்கூடாதா? 2025இல் அதே நீதிமன்றம், ஒரு பெண் தன் தோழியோடு வாழப் போவதைப் பெற்றோர் தடுக்கக்கூடாது என்றது, மனமொத்துச் சேர்ந்தவர்களும் குடும்பம்தான் என்றது. அந்தப் பெண்ணைப் பெற்றோரிடமிருந்து மீட்க ஆட்கொணர்வு மனு போட வேண்டியிருந்தது என்பதையும் பார்க்க வேண்டும். காவலரிடம் இருந்த டார்ச் இப்போது வீட்டுக்குள் வந்துவிட்டது.

போன ஜூன் மாதம் சென்னையில் நடந்த வானவில் பேரணிக்கு அக்கா மகன் கல்லூரி நண்பர்களோடு போய்வந்தான். இரவுச் சாப்பாட்டின்போது, தோழன் ஒருவன் தன் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டே நடந்ததை உற்சாகமாகச் சொல்ல ஆரம்பித்தான். அக்கா சாம்பார்க் கரண்டியோடு அவனை அதட்டினாள்: "மாமா முன்னாடி இதெல்லாம் பேசாதே. அவன் அந்தக் காலத்து ஆளு, சங்கடப்படுவான்."

"பேசட்டும்க்கா" என்றேன்.

அவன் எல்லாவற்றையும் சொல்லி முடிக்கும்வரை கேட்டேன். அடுத்த முறை நானும் அவனோடு போகிறேன். ஏன் என்று அவனிடம் சொல்லிவிட்டேன். அக்காவிடம் நேரில் சொல்ல நாக்கு எழவில்லை. அவள் இந்தப் பத்திரிகையை ஒரு வரி விடாமல் படிப்பவள்.