திறவாத பெட்டியின் உபாசகர்

புத்தகம் வாங்கிப் படிக்காமல் அடுக்கி வைப்பவர்கள் உண்டு. பட்டுப்புடவை வாங்கிக் கட்டாமல் பீரோவில் பூட்டுபவர்களும் உண்டு. ஆனால், குழந்தைகள் ஆடுவதற்கென்றே உற்பத்தியான ஒரு சாமானை, யாராவது ஆடிவிடப் போகிறார்களே என்ற ஒரே கவலையினால் கண்ணாடி அலமாரிக்குள் வைத்துப் பூட்டிச் சாவியைப் பூணூலோடு முடிந்துகொண்டு திரியும் மகானுபாவரைத் தரிசிக்க வேண்டுமானால், சென்னையில் என் பால்ய நண்பர் வீட்டு மாடிக்குத்தான் போக வேண்டும்.

பழைய வீடியோ கேம் சேகரிப்பது அவருடைய விரதம். கையை அலம்பிக்கொண்டு சென்றால், ஜப்பானில் 1983ல் வெளிவந்த நிண்டெண்டோ ஃபேமிகாமைக் காட்டுவார். அதன் உடலோடு ஒட்டிப் பிறந்த இரண்டு கன்ட்ரோலர்களில் இரண்டாவதற்கு மட்டும் ஒரு மைக் இருக்கும் அதிசயத்தை விஸ்தரிப்பார். அந்தச் சிலுவை வடிவத் திசைப் பொத்தானை 1982ல் குன்பே யோகோய் வடித்த பிறகுதான் மனித குலத்தின் கட்டைவிரலுக்கு ஜன்மம் சாபல்யமாயிற்று என்று தழுதழுப்பார். ஒருமுறை நான் பழைய ஞாபகத்தில் ஒரு கேசட்டை எடுத்து வாயருகே கொண்டுபோய் ஊதிவிட்டேன். எச்சில் ஈரம் பட்டு உலோக முனைகள் களிம்பேறும் என்பது வாஸ்தவந்தான். ஆயினும், கர்ப்பக்கிருகத்தில் தும்மினவனைக்கூட யாரும் அப்படிப் பார்த்திருக்க மாட்டார்கள்.

விநாடியை அறுபது கூறாக்கி, பொத்தானை அமுக்கியதற்கும் மரியோ குதிப்பதற்கும் இடையே இரண்டு கூறு தாமதமாகிறது என்று துடிக்கும் இதே மனிதர், என் பெண் கல்யாணத்துக்கு முகூர்த்தம் முடிந்து, பந்தியும் இரண்டாவது முறை எழுந்த பிறகு வந்தார். தட்டையான டிவிகளே தாமதத்துக்குக் காரணம் என்பது அவர் சித்தாந்தம். ஆகவே, முதுகு புடைத்த புராதன டிவி ஒன்று கூடத்தின் பாதியை அடைத்துக்கொண்டு நிற்கிறது.

“நீங்களாவது சொல்லுங்கண்ணா! காயலான் கடையில போட்டுடலாம்னு நாலு வருஷமா சொல்றேன். வாத்து சுடணுமாம், இந்த டிவியிலதான் விழுமாம்!” என்றார் அவர் மனைவி.

அதிலும் நியாயம் நண்பர் பக்கமே: பழைய படக்குழாயின் ஒளியைக் கொண்டுதான் அந்த விளையாட்டுத் துப்பாக்கி குறியை அறியும், புதிய டிவிக்கு முன் அது குருடு.

2021 ஜூலையில், 1996ல் வெளிவந்த சூப்பர் மரியோ 64ன் முத்திரை பிரியாத பிரதி ஒன்று அமெரிக்க ஏலத்தில் 15,60,000 டாலருக்குப் போயிற்று. அன்று முதல் அவர் எந்தப் பெட்டியையும் பிரிப்பதில்லை. ‘விற்பாயா?’ என்று கேட்டால், பெற்ற பிள்ளையை விலை பேசியவனைப் போல் என்னைப் பார்க்கிறார்.

பழைய யந்திரத்தின் வேஷம் கட்டிக் கம்ப்யூட்டருக்குள் ஆடும் எமுலேட்டர் என்றால் அவருக்கு ஆகாது. நினைத்த இடத்தில் ஆட்டத்தை நிறுத்தி, செத்தால் அதே இடத்திலிருந்து மறுபடி பிறக்கலாம் என்பது கர்ம விதிக்கே விரோதம் என்பார். ஆனால், மதுரைக்கு நாங்கள் போன ராத்திரி ரயிலில், மேல் பெர்த்தில் போர்வைக்குள்ளிருந்து நீல வெளிச்சம் கசிவதைக் கண்டு விலக்கிப் பார்த்தால், கைபேசியில் அந்த அநாசாரந்தான் நடந்துகொண்டிருந்தது. ஆராய்ச்சிக்காகவாம்!

“எமுலேட்டர் போலி என்கிறாயே, சின்ன வயதில் நாம் ஆடியது மட்டும் என்னவாம்?” என்று ஊர் திரும்பியதும் அவர் வீட்டில் வைத்துக் கேட்டேன். தொண்ணூறுகளில் நம் ஊர் வீடுகளில் புழங்கிய பெட்டிகள் பெரும்பாலும் ஃபேமிகாமைப் பார்த்து அடித்த நகல்கள். ‘9999 இன் 1’ என்று நெற்றியில் எழுதிய கேசட்டுக்குள் அதே ஆட்டங்கள் வேறு வேறு எண்களில் மாறி மாறி ஒளிந்திருக்கும்.

வெகு நேரம் மௌனமாக இருந்தார். “அது போலிதான்பா, ஆனா, அசல் போலி!” என்றவர், சமையலறைப் பக்கம் ஒரு முறை பார்த்துக்கொண்டு குரலைத் தாழ்த்தி, “அதுலயே சீல் பிரிக்காதது ஒண்ணு எங்கயாவது கண்ணுல பட்டா சொல்லு, விலையப் பத்திக் கவலையில்ல” என்றார்.